அக்கா மருத்துவபீடத்துக்குப் போன வழி

இந்த நினைவு மலரில் நானும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று அத்தான் கேட்டபோது முதலில் மறுத்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். "படிச்ச ஆக்கள் எழுதட்டும் அத்தான்" என்றேன்.

"படிச்ச ஆக்கள் எல்லாம் அவ நல்லவ எண்டு எழுதித் தந்திட்டினம். அவ என்னண்டு படிச்சவ எண்டு எழுத ஆளில்லை. நீ கிட்ட இருந்து பாத்தனி. நீ எழுது" என்றார்.

ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன். அக்காவின் நல்ல குணங்களை அறிய மற்றப் பக்கங்களைப் பாருங்கள்.

அக்கா நெல்லியடியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்ததும் கடைசியும் நான். அப்பா கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்தார். அம்மா நான் சிறுவனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். அதன் பிறகு சோறு வடிப்பதும் எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவதும் நான் பள்ளிக்குப் போகாமல் சந்தைப் பக்கம் நிற்கும்போது பிடித்து வருவதும் அக்காவின் பொறுப்பாயின. அவர் உயர்தரத்தில் உயிரியல் படித்தார். பரீட்சை வருடத்தில் இடம்பெயர்ந்தோம். வந்த பெறுபேறு மருத்துவத்துக்குப் போதவில்லை. இதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் சண்டையைக் காரணம் சொல்வார்கள். அக்கா சொன்னதில்லை. "எனக்குப் பக்கத்தில இருந்து எழுதினவள் இப்ப டொக்டர். அவளும் நான் படிச்ச மரத்துக்குக் கீழதான் படிச்சவள்" என்பார்.

கொழும்பில் ஒரு லொட்ஜில் அப்பாவும் அக்காவும் தங்கியிருந்தபோது அத்தானின் சம்பந்தம் வந்தது. அத்தான் அதற்கு முன்பே சிட்னிக்கு வந்து ரயில் பெட்டிகள் திருத்தும் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அக்கா கலியாணம் முடித்து லிட்கமுக்கு வந்தார். சில வருடங்களில் அப்பாவையும் கூப்பிட்டுக்கொண்டார். நான் அந்தக் காலத்தில் வேறு வழியாகப் போய்விட்டேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, டுபாயில் கட்டட வேலை, மலேசியாவில் கிடைத்த வேலை. ஓரிடத்தில் ஒரு மாரி தாண்டினால் எனக்குக் கால் நிற்காது. அக்காவோடு தொலைபேசியில் மட்டும்தான் தொடர்பு.

வந்த அடுத்த வருடமே அக்கா பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டத்துக்குச் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களில் மகள் ஆரபி வயிற்றில் வந்துவிட்டாள். ஆங்கிலம் வாசிக்க வரும், காதில் விழுந்தால் விளங்காது. முதியோர் இல்லம் ஒன்றில் வார இறுதி வேலையும் செய்தார். அந்தப் பட்டத்தை அக்கா எடுத்தது உண்மை. ஆனால் எப்படி எடுத்தார் என்பதையும் எழுத வேண்டும். பெரும்பாலும் மட்டுமட்டாகத்தான் சித்தியடைந்தார். இரசாயனத்தில் இரண்டு பாடங்கள் பெயில், திரும்ப எழுதி எடுத்தார். பட்டமளிப்புப் படம் அவர்கள் வீட்டு மண்டபத்தில் மாட்டியிருக்கிறது, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த புள்ளிகள் அவ்வளவுதான்.

பிறகு இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் இரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். இதை வாசிக்கும் உங்களில் பலருடைய கையில் அக்கா ஊசி குத்தியிருப்பார். வலிக்காமல் குத்துவார் என்று பெயர். குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்தெல்லாம் வயதான அன்ரிமார் வழியில் இருந்த இரண்டு மூன்று நிலையங்களைத் தாண்டி அக்காவிடம்தான் வருவார்கள். வந்தால் கேட்பார்கள்: "பிள்ளை, சீனி எப்பிடி? போன முறையை விடக் கூடவோ?"

அக்காவுக்குத் தெரியும். ஆனால் சொல்ல அனுமதி இல்லை. "டொக்டர் சொல்லுவார் அன்ரி" என்பார். அன்ரிமார் விடமாட்டார்கள். "அவர் ஐஞ்சு நிமிசத்தில இங்கிலீசில சொல்லிப்போட்டு அனுப்பிப்போடுவார். நீ சொல்லன்." அக்கா பஞ்சை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார். ஒருநாள் எனக்கு மலேசியாவுக்குத் தொலைபேசி எடுத்தபோது, "தம்பி, நான் குத்துறனான், சொல்லுறதுக்கு வேற ஆள். எனக்கு இது சரிவரேல்லை. நான் மெடிசின் செய்யப் போறன்" என்றார். ஏதாவது குறுகிய கோர்ஸ் என்று நினைத்து "நல்லது" என்று சொல்லிவிட்டேன்.

அது 2009ஆம் வருடத் தொடக்கம். பட்டம் எடுத்தவர்கள் மறுபடி மருத்துவம் படிக்க இங்கே வழி இருக்கிறது. அதற்கு மூன்று கதவுகள். பழைய பட்டத்தின் புள்ளிகள், ஒரு நாள் முழுவதும் நடக்கும் நுழைவுப் பரீட்சை, கடைசியில் நேர்முகத் தேர்வு. அக்காவின் புள்ளிகளுக்கு முதல் கதவே திறக்காது. பல்கலைக்கழகத்தில் ஆலோசனை சொல்லும் பெண்ணொருவர் பெறுபேறுகளைப் பார்த்துவிட்டு, இன்னொரு படிப்பை முடித்து அதில் மிக நல்ல புள்ளிகள் எடுத்தால் சில இடங்களில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள், ஆனால் உங்கள் வயதுக்கு வேறு வேலையை யோசித்தால் நல்லது என்றாராம். அக்கா முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். பொதுச் சுகாதாரத்தில் இரண்டு வருட மேற்படிப்புக்குச் சேர்ந்தார். வேலையையும் விடவில்லை.

நான் வள்ளத்தில் இந்த நாட்டுக்கு வந்தது அந்த வருடக் கடைசியில். கிறிஸ்மஸ் தீவு முகாமில் வைத்திருந்துவிட்டு 2010 நடுப்பகுதியில் விசா தந்து வெளியே விட்டார்கள். நேரே லிட்கமுக்கு வந்தேன். வாசலில் அப்பா நின்றார். அவருக்கு என்னை அடையாளம் தெரியச் சற்று நேரம் எடுத்தது. அக்கா குசினியில் இருந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பல்லு ஒண்டு காணேல்லை" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு. உடனே சாப்பாடு போட்டார்.

அப்போது அந்த வீட்டில் எல்லோரும் அக்காவின் பரீட்சையோடுதான் வாழ்ந்தார்கள். நுழைவுப் பரீட்சையை அவர் ஒருமுறை எழுதி, கட்டுரைப் பகுதியில் விழுந்திருந்தார். ஏதாவது ஒரு கருத்தைக் கொடுத்து அதைப் பற்றி உன் எண்ணம் என்ன என்று எழுதச் சொல்வார்களாம். "எனக்கு எண்ணமெண்டு ஒண்டும் இல்லை தம்பி. பள்ளிக்கூடத்தில பாடமாக்கினதை எழுதித்தான் பழக்கம். எண்ணம் என்னெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். இரண்டாவது முறைக்கு வீட்டில் எல்லோரையும் கேட்டுப் பழகியிருக்கிறார். அதன் முடிவு நான் வந்தபோது கைக்கு வந்திருந்தது, போதுமான அளவு நல்ல புள்ளிகள். ஆனாலும் கேட்கும் பழக்கம் நிற்கவில்லை. நேர்முகத் தேர்வுக்கும் உதவும் என்று தொடர்ந்தார். சாப்பாட்டு மேசையில் கேள்வி வரும்.

"இஞ்சாருங்கோ, சுதந்திரம் எண்டா என்ன?"

அத்தான் யோசிக்கவே மாட்டார். "சனிக்கிழமை வேலைக்குக் கூப்பிடாமல் இருக்கிறது."

"தம்பி, எல்லைகள் தேவையோ?"

"கடலில ஒரு கோடும் கீறியிருக்கேல்லை அக்கா. நேவிக்காரன் வந்து சொன்னாப் பிறகுதான் தாண்டினது தெரியும்."

ஆரபிக்கு அப்போது ஒன்பது வயது. "அம்மா, ஈட் ஃபர்ஸ்ட்" என்பாள். அப்பா சிரித்துக்கொண்டு சாப்பிடுவார்.

அந்த வருடம் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. புதிய படிப்பில் அக்காவின் புள்ளிகள் எல்லாமே உயர்ந்த தரம். முதல் கதவும் இரண்டாவதும் திறந்துவிட்டன. ஒரு திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தார்கள்.

அதற்கு முந்திய புதன்கிழமை அப்பா இறந்துபோனார். மத்தியானம் கதிரையில் இருந்தபடியே சாய்ந்துவிட்டார்.

அடுத்து நடந்ததை எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். மாமா எங்கள் அம்மாவின் தம்பி, குவேக்கர்ஸ் ஹில்லில் இருப்பவர், எங்கள் குடும்பத்தில் எந்த நல்லது கெட்டதுக்கும் முன்னுக்கு நிற்பவர். "எழுது. மறைக்காதை. அவவே ஒருநாளும் மறைக்கேல்லை" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

அப்பாவின் செத்தவீட்டை நடத்தியது முழுக்க மாமாதான். எனக்கு இந்த நாட்டில் எதை எங்கே செய்வது என்று தெரியாது. ஐயரைப் பிடித்தது, தகனத்துக்கு இடம் எடுத்தது, சாப்பாட்டுக்குச் சொன்னது எல்லாம் அவர். சனிக்கிழமை தகனம் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை வீடு நிறையச் சனம். அங்கே யாரோ திங்கட்கிழமை விசயத்தைச் சொல்லிவிட்டார்கள். மாமா திடுக்கிட்டுப் போனார்.

"செத்தவீட்டுத் துடக்கோட என்னண்டு ஒரு நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுறது? முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடியாமல் பிள்ளை படி தாண்டலாமோ? இதெல்லாம் சொன்னா அவங்களுக்கும் விளங்கும்" என்றார்.

அழுது களைத்துப்போயிருந்த அக்காவைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்று நினைத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அழைப்பைப் பார்த்து மாமாவே பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பின்வளவில் நின்று பேசினார். நானும் அங்கே நின்றேன், ஆனால் எனக்கு அந்த ஆங்கிலம் முழுதாக விளங்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தால் எல்லாம் நல்லபடியாகப் போவது போலத்தான் இருந்தது. பேசி முடித்துவிட்டு நேரே உள்ளே போய் அக்காவிடம் சொன்னார்.

"எல்லாம் கதைச்சிட்டன் பிள்ளை. இப்ப வர ஏலாது, முப்பத்தொண்டு கழியத்தான் வருவா எண்டு சொன்னனான். நல்ல மனுசி. ஐ ஆம் சோ சொறி எண்டு எத்தினை தரம் சொன்னவ."

கலியாணத்துக்கோ சாமத்தியச் சடங்குக்கோ இடையில் ஒரு சாவு வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? நாளை மாற்றுவோம். மண்டபக்காரனும் ஐயரும் சமையல்காரனும் ஒன்றும் பேசாமல் மாற்றித் தருவார்கள். மாமா முப்பது வருடமாக இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்கு அப்படி நாள் மாற்றிக் கொடுத்தவர். இதையும் அப்படித்தான் நினைத்தார்.

அக்கா எழும்பி அவரிடம் கையை நீட்டினார். பிறகு தொலைபேசியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனார். அப்போது மாலை ஐந்து தாண்டிவிட்டது. மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை அப்பாவுக்குக் கொள்ளி வைத்தேன். இங்கே கொள்ளி என்றால் ஒரு பொத்தானை அமுக்குவது. திங்கட்கிழமை அதிகாலை அக்கா முழுகிவிட்டு, இஸ்திரி போட்ட உடுப்போடு வெளிக்கிட்டார். அத்தான் காரை எடுத்தார். துடக்கு வீட்டில் இருந்து அவர்கள் போவதை மாமாவின் மனைவி, எங்கள் மாமி, பார்த்துக்கொண்டு நின்றார். பத்து மணிக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். வர இயலாது என்று உறவினர் அறிவித்ததால் அக்காவின் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். தேர்வுகள் அன்றோடு முடிகின்றன, அவர் விலகியதாகப் பதிவாகிவிட்டது, அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மாமா அன்று பின்னேரம் வந்தார். விசயம் தெரிந்ததும் அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்து அழுதார். "நான் போய் அந்தப் பெரியவரின்ர காலில விழுறன் பிள்ளை."

"அங்க காலில விழுந்தா செக்கியூரிட்டியைக் கூப்பிடுவினம் மாமா. தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றார் அக்கா.

அவர் கோபப்பட்டதை நான் காணவில்லை. ஆனால் அன்று முதல் முப்பத்தோராம் நாள் வரைக்கும் அவர் யாரோடும் அதிகம் பேசவும் இல்லை. அத்தான் ஒருநாள் மெதுவாக, "பட்டது காணும் இஞ்சேர். இரத்தம் எடுக்கிற வேலையும் நல்ல வேலைதானே" என்றார். அக்கா சட்டி கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "நல்ல வேலைதான். அடுத்த வருசமும் செய்வன். அதுக்குப் பிறகு பாப்பம்" என்றார். நுழைவுப் பரீட்சைப் புள்ளிகள் அடுத்த வருடத்துக்கும் செல்லும். அதனால் அதைத் திரும்ப எழுத வேண்டியிருக்கவில்லை. காத்திருப்பதுதான் வேலை.

அந்த வருடம் நான் கிரிஃபித்துக்குத் தோடம்பழம் பிடுங்கப் போனேன், பிறகு மெல்பேர்னில் கொஞ்சக் காலம் வீடுகளுக்கு வண்ணம் அடித்தேன், அங்கும் நிற்க மனம் வராமல் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் மாமாவில் பெரிய மாற்றம். எந்த வீட்டில் என்ன விசேசம் என்றாலும் முதலில் அக்காவுக்குத்தான் தொலைபேசி எடுப்பார். "பிள்ளைக்கு அண்டைக்கு ஒண்டும் இல்லையோ?" தன் மகனுடைய கலியாண எழுத்துக்கு, அதாவது பதிவுக்கு, ஐயர் குறித்துக் கொடுத்த நாள் நேர்முகத் தேர்வு நடக்கக்கூடிய கிழமையில் விழுந்தது. அது வேண்டாம், வேறு நாள் பார் என்று திருப்பி அனுப்பிவிட்டார். சம்பந்தி வீட்டாருக்குக் காரணம் விளங்கவேயில்லை.

2011இல் மறுபடி அழைப்பு வந்தது. அக்காவைக் கூட்டிக்கொண்டு போவது தான்தான் என்று மாமா சொல்லிவிட்டார். எனக்கு அந்தக் கிழமை வேலை இல்லாததால் நானும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன். லிட்கமில் இருந்து போகும் வழியெல்லாம் மாமா படிப்பித்துக்கொண்டே வந்தார்.

"பழைய மார்க்ஸைப் பற்றிக் கட்டாயம் கேப்பினம். சண்டையைச் சொல்லு. ஷெல் அடி, இடம்பெயர்வு, பங்கர். அவங்கள் உருகிப்போவாங்கள்."

"சிட்னியில எங்க மாமா பங்கர்?"

"மனசில இருந்ததெண்டு சொல்லன். பொய்யில்லைத்தானே?"

"பொய்யில்லை. ஆனா அதாலயில்லை நான் பெயில் விட்டது."

"அதை அவங்களுக்கு ஆர் சொல்லப்போறது?"

அக்கா கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். இறங்கும்போது மட்டும், "காருக்குள்ளயே இருங்கோ மாமா. ஒருத்தருக்கும் போன் எடுக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா தன் தொலைபேசியை எடுத்து என்னிடம் தந்துவிட்டார்.

திரும்பி வர நெடுநேரம் ஆனது. மாமா காருக்குள் இருந்து கந்தசஷ்டி கவசம் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு மறுபடி தொடங்கியிருந்தார். அக்கா வந்து ஏறினார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

"கேட்டவையோ?" என்றார் மாமா.

"ஓம். இரண்டு தரம் பெயில் விட்டிருக்கிறியள், என்ன நடந்தது எண்டு கேட்டவை."

"சொன்னனியோ?"

"சொன்னனான். முதல் தரம் கைப்பிள்ளை, வேலை, நித்திரை இல்லை. லெக்சரிலயே நித்திரை கொண்டனான். இரண்டாந்தரம் அப்பிடி ஒண்டும் இல்லை. விளங்கேல்லை. பக்கத்தில இருந்த பெடியனை, படிப்பிச்ச ஆளைக் கேட்டிருக்கலாம். என்ர இங்கிலீசைக் கேட்டுச் சிரிப்பினம் எண்டு வெக்கத்தில கேக்கேல்லை. அதாலதான் பெயில் எண்டு சொன்னனான்."

மாமா ஸ்டியரிங்கில் தட்டினார். "ஐயோ பிள்ளை. ஏன் உண்மையைச் சொன்னனி?"

"அதுக்குப் பிறகு, இப்ப விளங்காட்டி என்ன செய்வீங்கள் எண்டு கேட்டவை. இப்ப கேப்பன் எண்டனான். ஒருக்கால் கேட்டு விளங்காட்டி இரண்டு தரம் கேப்பன், அதுக்கும் விளங்காட்டி எனக்கு விளங்கேல்லை எண்டு நோயாளிக்கும் சொல்லுவன் எண்டனான்."

"அவை என்ன சொன்னவை?"

"ஒண்டும் சொல்லேல்லை. எழுதினவை."

மாமா தலையை ஆட்டியபடி காரை எடுத்தார். நானும் மனதுக்குள் இது சரிவராது என்றுதான் நினைத்தேன்.

சில கிழமைகளுக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. அக்கா வேலையில் இருந்தபோது செய்தி வந்திருக்கிறது. ஒரு அன்ரியின் கையில் ஊசி ஏற்றியிருந்த நேரம். அக்கா குழாய்களை நிரப்பி, பெயர் ஒட்டி, பஞ்சு வைத்து முடித்துவிட்டுத்தான் தொலைபேசியை எடுத்துப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு அந்த அன்ரியிடமே சொல்லிவிட்டார். அதுதான் பிழை. அத்தானுக்கு அக்கா சொல்ல முதலே மேய்ஸ் ஹில் கோயில் கார் நிறுத்துமிடத்தில் இருந்து யாரோ அத்தானுக்குத் தொலைபேசி எடுத்து வாழ்த்துச் சொன்னார்கள். அத்தான் ரயில் பெட்டிக்குக் கீழே படுத்திருந்தாராம். எழும்பும்போது தலையை இடித்துக்கொண்டார். அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

2012 தொடக்கத்தில் அக்கா மருத்துவ மாணவியானார். முப்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தார். கூடப் படித்தவர்களில் பலர் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்கள். முதல் பரீட்சையில் மட்டுமட்டாகச் சித்தியடைந்தார். அடுத்ததில் நடுவில் வந்தார். ஒரு வகுப்பில் அவர் எத்தனை கேள்வி கேட்டார் என்றால், அவர் கை உயர்த்தினால் பின் வரிசையில் உள்ள பெடியள் நேரத்தைப் பார்ப்பார்களாம். பிறகு பரீட்சை நெருங்க அதே பெடியள் லிட்கம் வீட்டுக்கு வந்து அக்கா போட்ட இடியப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, "கேன் யூ ஆஸ்க் ஹிம் திஸ் ஒன் ஆல்சோ" என்று தங்கள் கேள்விகளையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனதை நானே கண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள்தான் அவருடைய நோயாளிகள். சாப்பிட்டு முடிந்ததும் மாமாவைச் சோபாவில் படுக்கவைத்து ஈரல் தேடுவார்.

"மூச்சை உள்ளுக்கு இழுங்கோ மாமா."

"இருக்கோ பிள்ளை?"

"இருக்கு. இருக்க வேண்டியதை விடக் கொஞ்சம் கீழயும் இருக்கு. போத்திலைக் குறையுங்கோ."

"அது உங்கட புத்தகத்தில இருக்கோ, இல்லாட்டி மாமி சொல்லச் சொன்னவவோ?"

அந்த ஒரு வருடம் அக்கா சந்தோசமாக இருந்தார். அவர் தன் வாயால் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் குசினியில் பாட்டு முணுமுணுக்கும் பழக்கம் அந்த வருடத்தில்தான் வந்தது.

இரண்டாம் வருடம் தொடங்கிய சில கிழமைகளில் களைப்பு வந்தது. படிப்பால் என்று நினைத்தோம். பல்லுத் தேய்க்கும்போது இரத்தம் வந்தது. தன் பழைய வேலைத்தலத்துக்குப் போய், கூட வேலை செய்த பெண்ணிடம் கையை நீட்டினார். அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். இரத்தப் புற்றுநோய். என்னுடைய எலும்பு மச்சை பொருந்துமா என்று பார்த்தார்கள், பொருந்தியது, ஆனால் அந்தக் கட்டத்துக்குப் போகுமளவுக்கு நோய் அடங்கவில்லை. நான் அந்த மாதங்களில் எங்கும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் பெரிய டொக்டர் ஒருவர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேறு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். அக்கா யார் என்று அவர்களுக்குத் தெரியாது. மண்ணீரலைத் தொட்டுப் பார்க்க ஒரு பெண் பிள்ளையை விட்டார்கள். அந்தப் பிள்ளை பயத்தில் விரல் நுனியால் தடவிவிட்டு "யெஸ், ஐ கேன் ஃபீல் இட்" என்றது. அக்கா அதன் கையைப் பிடித்து இன்னும் கீழே கொண்டுபோய் வைத்து, மூச்சை ஆழமாக இழுத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளையின் முகம் மாறியது. அவர்கள் போன பிறகு, "அவளுக்குத் தெரியேல்லை. கேக்க வெக்கம்" என்றார் என்னிடம். அன்று அவருக்குக் காய்ச்சல் கூட. ஆனாலும் அதைச் சொல்லும்போது முகம் நன்றாக இருந்தது.

அக்கா ஆகஸ்ட் மாதத்தில், காலை நேரத்தில், அத்தானும் ஆரபியும் பக்கத்தில் இருக்க இறைவனடி சேர்ந்தார். நான் கீழே தேத்தண்ணி வாங்கப் போயிருந்தேன்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும் வைத்தியர்களுக்கும் எங்கள் நன்றி. மாதக்கணக்கில் எங்கள் வீட்டு அடுப்பு எரியாமலே சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு மணி அடிக்காமல் போன அயலவர்களுக்கும் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்களுக்கும் நன்றி. கறுப்பு உடுப்போடு வந்து பின் வரிசையில் நின்று, தேவாரம் விளங்காவிட்டாலும் முடியும் வரைக்கும் தலை குனிந்து நின்ற அவருடைய வகுப்புப் பிள்ளைகளுக்கு நன்றி. ஈமக் கிரியைகளில் இருந்து இன்றைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் எல்லாவற்றையும் ஏற்று நடத்திய மாமாவுக்கும் மாமிக்கும் நன்றி சொன்னால் அவர்கள் ஏசுவார்கள். ஆனாலும் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த மலரின் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிலர் கேட்பீர்கள். மரண அறிவித்தல் எழுதும்போதே அந்தப் பேச்சு வந்தது. அக்காவின் பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போட வேண்டும் என்று பலர் சொன்னார்கள். மாமாவும் சொன்னார். அன்பால்தான் சொன்னார்கள். பாதி தூரம் போனவர்தானே, ஒரு மரியாதைக்குப் போடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்றார்கள். அத்தான் ஆரபியைப் பார்த்தார். ஆரபி மூலையில் இருந்தவள் எழும்பி வந்தாள். அவள் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்பவள். அன்று எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்று தமிழில் சொன்னாள்.

"அம்மா டொக்டர் இல்லை. அந்தச் சோதினை அவ இன்னும் எழுதேல்லை. எழுதாத சோதினைக்கு நீங்கள் மார்க்ஸ் போடாதேங்கோ. அம்மாக்குப் பிடிக்காது."

அதனால்தான் அட்டையில் "மருத்துவ மாணவி" என்று இருக்கிறது. அக்கா எடுத்தது அதுதான். அதை எடுக்க அவர் என்ன பட்டார் என்பது இதை வாசித்தவர்களுக்குத் தெரியும்.